சீருடை அணியாத கடற்படை ஆசான்

வணக்கம், நேயர்களே. இன்றைக்கு ஜூலியன் கார்பெட் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடற்படையின் கதையை எழுதுவதிலேயே வாழ்நாளின் பின்பாதியைச் செலவிட்டவர். அவர் பிறப்பிலிருந்து தொடங்காமல், அவர் இறந்த பிறகு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1923-ல் லண்டனில் ஒரு தடித்த புத்தகம் வெளிவந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை என்னவெல்லாம் செய்தது என்று அரசாங்கமே எழுதச் சொன்ன வரலாற்றின் மூன்றாம் தொகுதி. அதில் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்ட்டி ஓர் அறிவிப்பை அச்சிட்டிருந்தது. எதிரியைத் தேடிப்போய் மோதி முடிவு காண வேண்டும் என்பதன் அவசியத்தை இந்த நூல் குறைத்துச் சொல்கிறது, அது எங்கள் கருத்துக்கு நேர் எதிரானது என்பது அதன் சாரம். எழுதச் சொன்னதும் அவர்கள்தான், கைகழுவியதும் அவர்கள்தான். பதில் சொல்ல கார்பெட் உயிரோடு இல்லை. 1922 செப்டம்பர் 21 அன்று சசெக்ஸ் வட்டாரத்தில் ஸ்டோப்பம் என்ற ஊரில் இறந்துபோயிருந்தார்.

நான் முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். போர்க்கப்பலில் பணி செய்ததில்லை. ஆனாலும் இந்த மனிதரின் எழுத்தைப் படித்தபோது, நம்மைப் பற்றி யாரோ பேசுகிறார்களே என்று தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

கார்பெட் 1854 நவம்பர் 12 அன்று பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர், வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படித்து 1877-ல் வழக்கறிஞரானார். ஐந்து ஆண்டுகளில் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பயணம் போனார், நாவல்கள் எழுதினார். அவை பெரிதாகப் பேசப்படவில்லை. அப்புறம் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கைப் பற்றி ஒரு சிறு வாழ்க்கை வரலாறு எழுதப் போய், பழைய ஆவணங்களின் ருசி பிடித்துக்கொண்டது. ஜான் நாக்ஸ் லாட்டன் என்ற மூத்த வரலாற்றாசிரியர் 1893-ல் கடற்படை ஆவணங்களைப் பதிப்பிப்பதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அவர் கார்பெட்டுக்கு வேலை கொடுத்தார். 1898-ல் டிரேக்கையும் டியூடர் காலக் கடற்படையையும் பற்றிய பெரிய நூல் வந்தபோது கார்பெட்டுக்கு வயது 43. மறு ஆண்டுதான் திருமணம். தாமதமாகத் தன் வழியைக் கண்டுபிடித்த மனிதர் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1902-ல் கடற்படை அவரைக் கூப்பிட்டது. கப்பல்களை நடத்திய அதிகாரிகளுக்கு இந்த வழக்கறிஞர் பாடம் எடுக்க வேண்டும். ஒரு நாள்கூடச் சீருடை அணியாதவர், பீரங்கிப் புகையில் வளர்ந்தவர்கள் முன்னால் நின்றார். எளிதான வேலை இல்லை, நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே அலுத்துக்கொண்டார். பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை டிரஃபால்கர் கடற்போரில் நொறுக்கிய அட்மிரல் நெல்சன். அந்த அதிகாரிகளுக்கு நெல்சனும் டிரஃபால்கரும் வேதம். எதிரியின் கப்பற்படை எங்கே இருக்கிறதோ அங்கே போ, அடி, அழி. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கார்பெட் யோசித்தார். கடலை யாரும் நிலம்போலப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அங்கே குடியிருக்கவும் முடியாது, பயிர் செய்யவும் முடியாது. கடலால் போக்குவரத்துக்குத்தான் பயன். ஆகவே கடல் ஆதிக்கம் என்றால் போக்குவரத்து வழிகளைக் கையில் வைத்திருப்பது, அவ்வளவுதான். நம் சரக்கும் படையும் போய்ச் சேர வேண்டும், எதிரியுடையது போகக் கூடாது. இதற்குச் சண்டை தேவைப்பட்டால் போடலாம். சண்டையே நோக்கம் ஆகிவிடக் கூடாது. 1911-ல் வெளியான கடல்சார் போர்த்தந்திரக் கோட்பாடுகள் பற்றிய அவருடைய நூலின் உயிர் இதுதான். நாங்கள் நிலக்கரியும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு போன வழிகளை, போரின் நடுப்பகுதிக்கே கொண்டுவந்து வைத்தவர் அவர்.

வெறும் வாதமாக இல்லாமல் பழைய போர்களிலிருந்து எடுத்துக் காட்டியதுதான் அவருடைய பலம். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். அதில் 1759-ல் கனடாவின் கியூபெக் நகரம் விழுந்த கதை வருகிறது. அந்த வெற்றியை எல்லோரும் வுல்ஃப் என்ற தரைப்படைத் தளபதியின் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரையும் அவருடைய படையையும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அவ்வளவு தூரம் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது சாண்டர்ஸ் என்ற அட்மிரலின் கப்பற்படை. மனிதன் வாழ்வது தரையில், அதனால் போரின் முடிவும் தரையில்தான். அதற்கு வழி திறந்துவிடுவது கடற்படையின் வேலை. 1910-ல் டிரஃபால்கரைப் பற்றி எழுதியபோது இன்னும் துணிந்தார். அந்த வெற்றி இங்கிலாந்துக்குக் கடலைக் கொடுத்தது, ஐரோப்பிய நிலத்தை நெப்போலியனிடமே விட்டுவிட்டது என்று எழுதினார். உண்மைதானே? டிரஃபால்கர் 1805-ல். நெப்போலியன் விழ 1815 வரை ஆயிற்று. ஆனால் நெல்சனைக் கும்பிடும் நாட்டில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

போர் வந்தது. அதன் கடற்படை வரலாற்றை எழுதும் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1917-ல் சர் பட்டம் பெற்றார். 1920-ல் முதல் தொகுதி வெளியானது. நமக்குத் தெரிந்த ஒரு கப்பல் அதில் வருகிறது, எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல். சரியான எம்டன் என்று கில்லாடி ஆளைச் சொல்கிறோமே, அந்த எம்டன். குண்டு விழுந்த இடத்தின் கல்வெட்டு இன்றும் உயர் நீதிமன்ற மதில் பக்கம் இருக்கிறது. ஊர் நினைவில் நிற்பது அந்த நெருப்பு. எம்டனின் பெரிய வேலையோ வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. ஒரே ஒரு கப்பலுக்குப் பயந்து பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. கடல் என்பது வழி என்று கார்பெட் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது.

கார்பெட் ஒரு விஷயத்தில் தவறினார், அதை நான் மறைக்க மாட்டேன். வணிகக் கப்பல்கள் கூட்டமாக, போர்க்கப்பல் காவலோடு போகும் பழைய கான்வாய் முறை இந்தக் காலத்துக்குப் பயன்படுமா என்று 1911-ல் சந்தேகப்பட்டு எழுதினார். 1917-ல் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது, பிரிட்டனைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியதில் அந்தக் கான்வாய்க்குப் பெரிய பங்கு உண்டு. கடல்வழியை அவ்வளவு புரிந்துகொண்டவருக்கு அது பிடிபடாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, அந்த மூன்றாம் தொகுதிக்கு வருகிறேன். பிரிட்டிஷ், ஜெர்மானியக் கப்பற்படைகள் வடகடலில் மோதிய ஜட்லாண்ட் சண்டை, 1916 மே 31. பிரிட்டன் 14 கப்பல்களையும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளையும் இழந்தது. ஜெர்மனி இழந்தது 11 கப்பல்கள். அன்று மாலை ஜெர்மானிய டார்ப்பிடோக்கள், அதாவது நீருக்கடியில் பாயும் வெடிகுண்டுகள், பாய்ந்து வந்தபோது, பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிக்கோ தன் கப்பல்களைத் திருப்பி விலக்கினார். இருட்டில் எதிரி தப்பிவிட்டான். நெல்சனாக இருந்தால் துரத்தியிருப்பார் என்று நாடு பொருமியது. அன்று முன்னணிக் கப்பல்களை நடத்திய பீட்டி, புத்தகம் வெளிவந்தபோது கடற்படையின் தலைமைப் பதவியில் இருந்தார். கார்பெட் ஜெல்லிக்கோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மறுத்தார். அந்தக் கப்பற்படை போயிருந்தால் பிரிட்டனுக்கு எல்லாமே போயிருக்கும். அது போகவில்லை. ஜூன் 1 காலை விடிந்தபோது, ஜெர்மனிக்குச் சரக்கு போகும் கடல்வழி முந்தைய நாள் அடைபட்டிருந்ததுபோலவே அடைபட்டுக் கிடந்தது.