பெஞ்சுல உக்காந்து செஞ்ச டிரில்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு யோகா தெரபிஸ்ட், 22 வருஷமா சென்னைல இதே வேலைதான். இந்த தொழிலுக்கு எப்படி வந்தீங்கன்னு பேசுங்கன்னு ரேடியோ நிலையத்துல சொன்னாங்க. படிச்சது, ட்ரெயினிங் எடுத்ததுன்னு எழுதி வச்சுக்கலாம்னு உக்காந்தேன், ஆனா மனசு அதுல நிக்கவே மாட்டேங்குது, நேரா எங்க ஹைஸ்கூல் கிரவுண்டுக்குத்தான் ஓடுது. அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

கும்பகோணத்துக்கு பக்கத்துல சின்ன ஊரு எங்களோடது. கேர்ள்ஸ் ஹைஸ்கூல், 1984ல ஆறாவது சேந்தேன். ரெட்டை ஜடை, மடிச்சு கட்டுன ரிப்பன், கேட்டுக்கு வெளிய கூடைல எலந்தப்பழமும் கமர்கட்டும் வச்சுக்கிட்டு ஒரு பாட்டி. கிரவுண்டு ஓரமா பெரிய வேப்பமரம் ஒன்னு, அது கீழதான் எங்க பி.டி. டீச்சர் விசிலும் கையுமா நிப்பாங்க.

எனக்கு சின்ன வயசுல இருந்தே வீசிங். மார்கழி பனில பிரேயருக்கு நின்னாலே நெஞ்சுக்குள்ள விசில் அடிக்க ஆரம்பிச்சுடும். ஒரு நாள் ஓட்டத்துல பாதிலயே மூச்சு முட்டி நின்னுட்டேன், மத்தவங்க எல்லாம் "நல்லா இழு, நல்லா இழு"ங்கறாங்க, டீச்சர் மட்டும் வந்து என்ன குனிய வச்சு ரெண்டு கையையும் முட்டி மேல ஊன சொல்லிட்டு, "இழுக்காதடி, மொதல்ல வெளிய விடு, சுடு காப்பிய ஊதுற மாதிரி மெதுவா ஊது"ன்னாங்க. ஊதுனேன். கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சு இளகிச்சு. ஆஸ்துமால சிக்கலே உள்ள இருக்கற காத்து வெளிய போக முடியாம மாட்டிக்கறதுதாங்கறத நான் புஸ்தகத்துல படிச்சது 15 வருஷம் கழிச்சு. அந்தம்மா அத யார்கிட்ட கத்துக்கிட்டாங்களோ, கேக்காம விட்டுட்டேன், அது இன்னிக்கும் எனக்கு ஒரு வருத்தம்.

இன்னொன்னு சொல்லணும், இதுதான் முக்கியம். எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு போலியோ வந்து ஒரு கால் சூம்பி இருக்கும். டிரில் பீரியடுன்னா அவ வேப்பமரத்தடில எங்க ஸ்கூல் பைங்களுக்கெல்லாம் காவல் உக்காந்திருப்பா, அது தப்புன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் டீச்சர் கிளாஸ்ல இருந்து ஒரு பெஞ்ச தூக்கிட்டு வர சொன்னாங்க, கிரவுண்டு நடுவுல போட்டு அவள அதுல உக்கார வச்சு, "கை உனக்கு நல்லாத்தானே இருக்கு, எண்ணு"ன்னாங்க. அவ உக்காந்த இடத்துலேருந்தே கைய தூக்கி, எறக்கி, இடுப்ப திருப்பி எல்லாத்தையும் செஞ்சா. அப்புறம் ஐப்பசி மழைல கிரவுண்டு முழுக்க தண்ணி நின்னப்ப கிளாசுக்குள்ளயே டிரில். நாங்க 40 பேரும் பெஞ்சுல உக்காந்திருக்கோம், முன்னாடி உக்காந்து ஒன் டூ த்ரீ சொல்லி எங்களுக்கு செஞ்சு காட்டுனது அவ. அன்னிக்கு அவ முகத்துல இருந்த அந்த வெளிச்சம், சொல்லும்போதே எனக்கு தொண்டை அடைக்குது.

ஸ்கூல் முடிச்சு, டிகிரி முடிச்சு, சென்னைக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வந்தேன், நாள் பூரா நாற்காலி, ரெண்டு வருஷத்துல முதுகுவலி. அதுக்காக யோகா கத்துக்க போனவதான் அங்கயே தங்கிட்டேன். அங்கதான் கிருஷ்ணமாச்சார்யா பேர கேள்விப்பட்டேன். மைசூர் மகாராஜா ஆதரவுல யோகா சொல்லிக்குடுத்தவரு, அப்புறம் சென்னைக்கு வந்து 1989ல காலமாகற வரைக்கும் இங்கதான் இருந்தாரு. அவரு மகன் தேசிகாச்சார் இஞ்சினியருக்கு படிச்சவரு, 1976ல அப்பா பேர்லயே சென்னைல கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்ங்கற யோகா நிலையத்த ஆரம்பிச்சாரு. அவங்க வழில அடிப்படையா சொல்றது என்னன்னா, ஆசனத்துக்காக ஆள வளைக்காத, ஆளுக்கு தகுந்த மாதிரி ஆசனத்த மாத்துன்னு. முத தடவ அத கேட்டப்ப எனக்கு அந்த பெஞ்சுதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

ஆனா தெரிஞ்சும் நான் ஒரு தப்பு பண்ணேன். ஆரம்பத்துல வந்த ஒரு அம்மாவுக்கு பி.பி. இருக்கறத கேக்காமலே எல்லார் கூடயும் சேத்து தலைய கீழ தொங்க விட்டு குனிய வச்சுட்டேன், நிமிரும்போது அவங்களுக்கு தலை சுத்தி அப்படியே சுவத்த பிடிச்சுக்கிட்டாங்க. நல்லவேளை விழல. அன்னிலேருந்து முத நாள் யாருக்கும் ஆசனம் கெடையாது. பி.பி. எவ்ளோ, கண்ணு நரம்ப கெடுக்கற க்ளாக்கோமாங்கற நோய் இருக்கா, என்ன மாத்திரை, ராத்திரி எந்த பக்கமா படுக்கறீங்க, இதெல்லாம் கேட்டுட்டு நடக்க சொல்லி பாப்பேன். க்ளாக்கோமா இருந்தா தலைகீழா நிக்கவே கூடாது, கண்ணு பிரஷர் ஏறிடும். டாக்டர் குடுத்த மாத்திரைய, இன்ஹேலர நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்ற யோகா டீச்சர்கிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க.

போன வருஷம் எங்க செட்டு பொண்ணுங்க எல்லாம் சேந்தோம். அந்த பெஞ்சுல உக்காந்து டிரில் செஞ்சவளும் வந்திருந்தா, ரெண்டு பேரப்பிள்ளைங்க இருக்காம். ஆனா மாடிப்படி ஏற முடியல, நல்லா இருந்த காலும் வலிக்குதுங்கறா. போலியோ வந்தவங்களுக்கு பல வருஷம் கழிச்சு இப்படி வரதுண்டு, நல்ல கால் ரெண்டு காலோட பாரத்தையும் சுமந்து சுமந்து தேஞ்சு போயிருக்கும். இவங்கள கஷ்டப்படுத்தி எக்சர்சைஸ் பண்ண வச்சா இருக்கற பலமும் போயிடும், அசதி வரதுக்கு முன்னாடியே நிறுத்தணும்.

நரம்பு டாக்டர பாத்துட்டு வான்னேன். இப்ப வாரம் ரெண்டு நாள் மகள் கூட ஆட்டோல வரா. நாற்காலி போட்டுருக்கேன். மூச்ச விட்டுக்கிட்டே கைய எறக்கணும், இழுக்கறதுக்கு மூணு எண்ணுனா விடறதுக்கு அஞ்சு எண்ணணும். இப்படி ஆறு தடவ, அப்புறம் ரெஸ்ட். எதுர்ல இன்னொரு நாற்காலி போட்டு நானும் உக்காந்து செய்வேன். எண்றது மட்டும் அவதான்.