கம்பெனி இன்ஷூரன்ஸ் இல்லாத வேலை: அமெரிக்காவில் உங்கள் பல்லுக்கு யார் பொறுப்பு?

வணக்கம் நண்பர்களே! 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். காரணம், ஒரு சொத்தைப் பல். 80 டாலருக்குப் பிடுங்கி எறிந்திருக்கலாம். கையில் இன்ஷூரன்ஸ் இல்லை. பல்லில் இருந்த தொற்று மூளைக்கு ஏறி, இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் சுமார் இரண்டரை லட்சம் டாலர்!

அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் பரவாயில்லை. ஆனால் ஆஃபர் லெட்டரில் ஹெல்த் இன்ஷூரன்ஸும் இல்லை, பல்லுக்கான டென்டல் இன்ஷூரன்ஸும் இல்லை. சேரலாமா? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

வரலாறு வேகமாக. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க வேறு வழியில்லாத நிறுவனங்கள் இன்ஷூரன்ஸைச் சலுகையாகக் கொடுத்தன. 1954-இல் அதற்கு வரிவிலக்கும் சட்டமானது. அன்றிலிருந்து வைத்தியம் வேலையோடு ஒட்டிக்கொண்டது.

இப்போதைய விதி: ஒபாமா காலத்துச் சட்டப்படி, 50 முழுநேர ஊழியர்களுக்குச் சமமான ஆட்கள் இருந்தால் நிறுவனம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் தர வேண்டும், இல்லையென்றால் அபராதம் கட்ட நேரிடும். அதற்குக் கீழே இருந்தால் கட்டாயமே இல்லை. டென்டல் எந்த நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை.

சரி, பல்லை மட்டும் ஏன் ஒதுக்கிவிட்டார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். உலகத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் பால்டிமோர் நகரத்தில் தொடங்கியது. மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு துறையாக அல்ல, தனியாக. அங்கிருந்தே பல் டாக்டர் வேறு, மற்ற டாக்டர் வேறு. படிப்பு பிரிந்தது, கிளினிக் பிரிந்தது, கடைசியில் பில்லும் பிரிந்தது. 1965-இல் முதியவர்களுக்காக மெடிகேர் வந்தபோது, வழக்கமான பல் வைத்தியத்தை வெளியே வைத்தார்கள். ஒபாமா சட்டத்தின் அத்தியாவசியச் சிகிச்சைகளின் பட்டியலில் குழந்தைகளின் பல் இருக்கிறது, பெரியவர்களின் பல் இல்லை!

டென்டல் இன்ஷூரன்ஸ் பிறந்த கதையும் அருமையானது. 1954-இல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் தங்கள் பிள்ளைகளின் பல்லுக்காகக் கேட்டு வாங்கியது அது. இன்றைக்கு டெல்டா டென்டல் என்று ஒரு டென்டல் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தைப் பார்க்கிறீர்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். முறையான ஹெல்த் இன்ஷூரன்ஸில் ஒரு வருடத்தில் நீங்கள் செலவழிக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால், திட்டத்துக்கு உட்பட்ட சிகிச்சைகளுக்கு மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டென்டலில் அப்படியே தலைகீழ். பெரும்பாலான திட்டங்களில் அவர்கள் கொடுக்கும் தொகைக்குத்தான் உச்சவரம்பு, பல திட்டங்களில் வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர். பல் சுத்தம் செய்யக் காசு கொடுப்பார்கள். ரூட் கெனாலும் கிரவுனும் சேர்ந்து வந்தால் வரம்பு தீர்ந்துவிடும். தூறலுக்கு விரிந்து, அடைமழைக்கு மடங்கிக்கொள்ளும் குடை மாதிரி.

அதனால் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். டென்டல் இல்லை என்பதற்காக நல்ல வேலையை விட வேண்டாம். பிரீமியமாகப் போகும் பணத்தைப் பல்லுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளின் கிளினிக்கில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், செலவு வெகுவாகக் குறையும். மத்திய அரசு உதவி பெறும் சமூக சுகாதார நிலையங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், பலவற்றில் பல் டாக்டரும் உண்டு. பல் வலிக்கு எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள். அங்கே பெரும்பாலும் மாத்திரைதான் எழுதித் தருவார்கள், பல் அப்படியேதான் இருக்கும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் போங்கள். இன்ஷூரன்ஸ் இல்லையென்றாலும் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் பின்னால் வரும். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் விஷயம் வேறு. அது இல்லாமல் ஒரு மாதம்கூட இருக்காதீர்கள். பழைய வேலையின் இன்ஷூரன்ஸ் போய்விட்டால், அரசு நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தையில் புதிதாக வாங்க 60 நாள் அவகாசம் உண்டு. வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்தில் வரிச் சலுகையும் கிடைக்கலாம். வயது 26 ஆகவில்லையா? பெற்றோரின் திட்டத்திலேயே இருக்கலாம்.

முக்கியமான ஒன்று பாக்கி. 50 பேருக்குக் குறைவான நிறுவனங்கள், நீங்களே வாங்கும் இன்ஷூரன்ஸின் பிரீமியத்தை ஒரு வரம்புவரை வரியில்லாமல் திருப்பித் தர 2017 முதல் ஒரு வழி இருக்கிறது. பெயர் க்யூசெரா. பல சின்ன முதலாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேச்சை எடுங்கள். முடியாது என்றால், அந்தப் பிரீமியத்தைக் கணக்குப் போட்டுச் சம்பளத்தில் ஏற்றிக் கேளுங்கள்.

உங்களில் யாராவது பல் மருத்துவக் கல்லூரி கிளினிக்குக்குப் போயிருந்தால், எந்த ஊர், எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அதே ஊரில் இன்றைக்குப் பல் வலியோடு இந்த வீடியோவைப் பார்ப்பவருக்கு அது உதவும்.