கத்துவதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கால்பந்து கிளப்பை ஆயுசு முழுக்க நேசித்தவன் எதற்காக அதை விட்டுப் போவான் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காவிரிப் படுகையில் இதைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னார்குடியிலும் திருவாரூரிலும் காரைக்காலிலும் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்காக ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்துப் படுக்கிற பிள்ளைகள் உண்டு. நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். காலையில் மைதானத்தில் யார் கொட்டாவி விடுகிறான் என்று பார்த்தே முந்தின இரவு எந்த அணி ஆடியது என்று சொல்லிவிடுவேன்.

தோல்வியை முதலிலேயே தள்ளிவிடலாம். தோற்றதற்காக யாரும் போவதில்லை. குறுவை பொய்த்துப் போனது என்று சம்பாவுக்கு நாற்று விடாமல் இருந்த விவசாயியை நான் பார்த்ததில்லை. திட்டுவார், விதைப்பார்.

காசும் அப்படித்தான். 2016 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் நிர்வாகம் மிக உயர்ந்த டிக்கெட்டின் விலையை 77 பவுண்டாக ஏற்றப் போவதாக அறிவித்தது. சொந்த மைதானத்தில் அணி இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோது, சரியாக 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளிநடப்பு செய்தார்கள். அவர்கள் போன பிறகு எதிரணி இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது! சில நாளில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். அது பிரிவு இல்லை, ஊடல்.

நிறத்தில் கை வைத்தால்? வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் கிளப் காலங்காலமாக நீலச் சட்டை. பட்டப்பெயரே நீலக்குருவிகள். மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் உரிமையாளரான பிறகு, 2012இல் சட்டையைச் சிவப்பாக்கினார். அடுத்த ஆண்டே அந்தச் சிவப்புச் சட்டையில் இரண்டாம் நிலை லீக் பட்டம் வென்று, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்குப் போனார்கள். எத்தனையோ காலம் ஏங்கிய இடம். ஆனாலும் நீலம் கேட்டுப் போராடுவதை ரசிகர்கள் நிறுத்தவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே இது நம்முடைய அணிதானா என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் எனக்கு முக்கியம்.

உண்மையிலேயே விட்டுப் போனவர்கள் விம்பிள்டன்காரர்கள். லண்டனின் ஓரத்தில் 1889இல் தொடங்கிய கிளப் அது. 1988இல் பலம் பொருந்திய லிவர்பூலை ஒரே கோலில் வீழ்த்தி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. 1991இல் பிளவ் லேன் என்ற சொந்த மைதானத்தை விட்டு இன்னொருவர் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் போனது. பிறகு உரிமையாளர்கள், கிளப்பை அப்படியே பெயர்த்து, 90 கிலோமீட்டர் போல தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். 2002 மே 28 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், சரி என்றது. ரசிகர்களே விம்பிள்டனில் ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று ஒரு புத்திமதியும் அந்த அறிக்கையில் இருந்தது. வயிற்றெரிச்சல் வராதா?

அவர்கள் செய்ததைப் பாருங்கள். அந்த ஊர்ப் பொதுவெளியில், வந்து ஆடிக் காட்டுங்கள் என்று அறிவித்து ஆள் எடுத்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. முதல் நட்பு ஆட்டத்திலேயே நாலு கோல் வாங்கித் தோற்றது. வந்த கூட்டம் நாலாயிரத்துக்கும் மேல்! அடிமட்ட உள்ளூர் லீக்கில் தொடங்கி, வழியில் 78 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே காணாமல் ஆடி, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில் பிளவ் லேனிலேயே புது மைதானம் கட்டித் திரும்பினார்கள். கொரோனா காலம். முதல் ஆட்டத்துக்கு இருக்கைகள் காலி.

மான்செஸ்டரிலும் இப்படி நடந்தது. 2005இல் அமெரிக்கரான மால்கம் கிளேசர் பெரும்பகுதிப் பணத்தைக் கடனாக வாங்கி யுனைடெட் கிளப்பை விலைக்கு எடுத்தார். அந்தக் கடனில் பெரும்பங்கைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார். கசந்துபோன ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப் கண்டார்கள். ஆனால் அதே கோபம் கொண்ட எத்தனையோ பேர் பழைய மைதானத்திலேயே இருந்தார்கள். பச்சையும் பொன்னிறமுமான சால்வை போர்த்தி எதிர்ப்பைக் காட்டினார்கள், அடுத்த வாரமும் டிக்கெட் வாங்கினார்கள். கோபம் ஒன்றேதான், ஒருவன் போகிறான், ஒருவன் இருக்கிறான். ஏன்?

என் கணிப்பைச் சொல்கிறேன். கோபம் மட்டும் யாரையும் வெளியே அனுப்பாது. பக்கத்தில் நின்று கத்தியவர்கள் சேர்ந்து கிளம்பினால் போவான். அவர்கள் இருந்தால் இருப்பான். விம்பிள்டன்காரர்கள் தனித்தனியாகப் போகவில்லை, திண்ணையோடு பெயர்ந்து போனார்கள்.

இதை எங்கள் ஊர்த் திடலில் கண்ணால் கண்டிருக்கிறேன். நாலு தெருப் பிள்ளைகள் ஆடிய அணி அது. தை, மாசியில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடக்கும், சுழற்கோப்பை உண்டு. ஒரு பெரியம்மா, இடைவேளைக்குச் சரியாக ஒரு பிளாஸ்டிக் வாளியில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்ட தண்ணீரோடு வந்துவிடுவார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு பையனின் அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கத்துவார். பிற்பாடு ஒரு புரவலர் வந்தார். ஜெர்சி, ஷூ எல்லாம் கொடுத்தார். அத்தோடு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்கினார். கோப்பை வந்தது. பெரியம்மா வரவில்லை.

"என்ன பெரியம்மா, திடல் பக்கமே காணோம்?"

"யாரு பேரச் சொல்லி தம்பி நான் சத்தம் போடுறது?"

அவரைத் தொடர்ந்து அந்தத் தெருவே வரவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோப்பையைப் பார்த்தால் சந்தோஷம் வராது.

நம் நாட்டிலும் கிளப்புகள் ஊர் மாறியிருக்கின்றன. இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். போட்டியில் ஆடிய டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. இங்கிலாந்தில் எழுந்த கூச்சல் இங்கே எழவில்லை. தொடங்கி ஆறு ஆண்டு ஆகாத கிளப்பில் பேரனுக்குக் கதை சொல்லத் தாத்தா இல்லை. கொல்கத்தாவில் விஷயம் வேறு. விம்பிள்டன் பிறந்த அதே 1889இல் பிறந்த மோகன் பகான், 1911இல் வெள்ளைக்காரப் படை அணியை வென்ற பெருமை கொண்டது. 2020இல் அதன் பெயருக்கு முன்னால், அதோடு இணைந்த இன்னொரு கொல்கத்தா கிளப்பின் பெயரான ஏ.டி.கே. என்பதை ஒட்டினார்கள். ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2023இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கையோடு அந்த மூன்றெழுத்தை எடுக்கப்போவதாக உரிமையாளர் அறிவித்தார்.

நம் பிள்ளைகள் நிலை வேறு. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், அறைத்தோழர்களோடு காப்பிக்கடை டிவியில் பார்த்துப் பார்த்து லண்டன் கிளப்பான ஆர்சனலின் ரசிகரானார். ஊர் திரும்பிய பிறகு ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டார். கிளப் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கூடப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ரொனால்டோ மாட்ரிட்டிலிருந்து இத்தாலிக்கும் அங்கிருந்து மான்செஸ்டருக்கும் பிறகு சவுதிக்கும் போனபோது கூடவே போன பையன்களைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மைதானத்தையே பார்க்காதவனுக்கு ஊர் என்ன, முகம்தானே தெரியும்?

என் பழைய மாணவன் ஒருவன், மன்னார்குடியில் மொபைல் கடை வைத்திருக்கிறான், தீவிர மான்செஸ்டர் யுனைடெட். அந்தக் கடன் கதையை எல்லாம் விலாவாரியாகச் சொல்லி, இன்னும் ஏன்டா அந்தக் கிளப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டேன். "விட்டுருவேன் சார். ஆனா எதிர்க்கடைக்காரன் லிவர்பூல். அவன் முதல்ல விடட்டும்" என்றான்.

வணக்கம்.