வெருளிக்குப் பின்னால்: பொறாமையை உளப்பகுப்பாய்வு எப்படிப் பார்க்கிறது?

(காட்சி: யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில், பூச்சு முடியாத மாடி வீடு. முகப்பில் வெருளி.)

வணக்கம். பழைய காற்சட்டைக்குள் வைக்கோலை அடைத்து, பானையில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வரைந்து, அதைத் தலையாக வைத்திருக்கிறார்கள். கண்ணூறு வீட்டில் படாமல் வெருளியில் படட்டும் என்பது நம்பிக்கை.

இந்தக் கண்ணூறு அச்சத்தை, மனதின் அறியாத ஆழங்களை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய சிக்மண்ட் பிராய்ட் 1919 இல் விளக்கினார். பெறுமதியானதும் எளிதில் கெட்டுப்போகக்கூடியதுமான ஒன்றை வைத்திருப்பவர், தாம் மற்றவரின் இடத்தில் இருந்தால் எவ்வளவு பொறாமைப்பட்டிருப்பாரோ, அந்தப் பொறாமையை மற்றவர்மேல் ஏற்றிவிட்டுப் பின்னர் அதற்கே அஞ்சுகிறார் என்றார். இதைப் புறத்தெறிதல் என்கிறோம். அப்படியானால் முகப்பில் தொங்குவது அயலவரின் கண்ணுக்கான காவல் மட்டுமல்ல, வீட்டுக்காரரின் மனதில் இருப்பதும்தான்.

(காட்சி: தாயின் மடியில் பால் குடிக்கும் குழந்தை.)

பொறாமையின் அடிவரை சென்றவர் வியன்னாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன். 1957 இல் அவர் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். அன்புக்குரியவரை மூன்றாமவர் பறித்துவிடுவாரோ என்று பதறுவது ஒன்று; ஒருவரிடம் நல்லது இருப்பதையே பொறுக்காமல் அதைக் கெடுத்துவிட நினைப்பது இன்னொன்று. நாம் இரண்டையுமே பொறாமை என்கிறோம். ஆனால் "அவனுக்கு எரிச்சல்" என்று ஊரில் சொல்லும்போது கிளைன் கூறும் இரண்டாவதைத்தான் சொல்கிறோம் என்பது என் கருத்து.

குழந்தையின் முதற்பொறாமை பாலூட்டும் மார்பின் மீதே எழுகிறது என்றார் அவர். பசி தீர்ப்பது எதுவோ, அந்த வளம் தன்னிடம் இல்லாமல் அங்கே இருக்கிறது என்பதே வேதனை. இதனால்தான் பொறாமை கொடுப்பவரையே தாக்குகிறது. கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய காசில் கூரை போட்டவர், அதே கூரையின் கீழ் அமர்ந்துகொண்டு "அவருக்கென்ன, அங்கை காசு மரத்திலை காய்க்குது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உதவியைச் சிறிதாக்கினால் கடன்பட்ட நோவும் சிறிதாகும். ஆனால் இகழ்ந்த பொருளை மனம் நல்லதென உள்வாங்காது. கூரை கிடைத்தும் நிறைவு கிடைக்காமல் போவது அதனால்தான். நன்றியுணர்வு வேரூன்றிய மனத்தில் பொறாமை தணியும் என்று கிளைன் கருதினார்.

பொறாமை பிறவியிலேயே உண்டென்று கிளைன் கருதியதை, குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகொட் ஏற்கவில்லை. தன்னையும் தாயையும் இன்னும் வேறுபிரித்து அறியாத சிசு, யார்மீது பொறாமைப்படும் என்ற கேள்வி அவருடைய நோக்கிலிருந்து எழுகிறது. அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது; ஆயினும் அந்தத் தமையனின் கூரையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் கிளைன்தான்.