எரி என்று எழுதி ஏரி என்று வாசித்தால்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் உட்கார்ந்து பகடை உருட்டுவோம். தெருவில் போகிறவர்கள் தாயம் என்று நினைத்துக்கொள்வார்கள். தாயம் இல்லை. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை விளையாட்டுக்கு மூத்தது. எங்கள் திண்ணையில் கதை சொல்வது நான்.

இதில் மந்திரச் சுருள் என்று ஒன்று வரும். வாசித்தால் மந்திரம் பலிக்கும், சுருள் பொடியாகிவிடும். தன் தகுதிக்கு மேலான மந்திரத்தை வாசிக்கிறவர் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கு, பத்தோடு மந்திரத்தின் நிலை. தீயுருண்டை மூன்றாம் நிலை, ஆக 13. அதற்குக் குறைந்தால் எழுத்து மறைந்துபோகும். அவ்வளவுதான்.

எனக்கு அது சப்பென்று இருந்தது. தோற்றாலும் கதையில் ஏதாவது நடக்க வேண்டாமா?

அதனால் சுருளை ஓலைச்சுவடி ஆக்கிவிட்டேன். பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும். எகரத்தை ஏகாரத்திலிருந்து பிரித்துக் காட்டியதும் அந்தப் புள்ளிதான். இன்று நாம் ஏகாரத்துக்கு இழுக்கிற கோடு வீரமாமுனிவர் செய்த திருத்தம். புள்ளி போனால் எரியும் ஏரியும் ஒன்று. கொல்லும் கோலும் ஒன்று. எங்கள் வீட்டு விதி இதுதான்: பகடையில் தோற்றால் மந்திரம் மறையாது, தப்பாக வாசித்தபடி பலிக்கும். என்ன சொல்லாக மாறியது என்பதை வாசித்தவரே அரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். திணறினால் நான் சொல்வேன், அது அவருக்கு நல்லதாக இருக்காது.

இன்னொன்று, கருமித்தனம். கடைசிச் சண்டைக்கு ஆகும் என்று எல்லாரும் ஏட்டைப் பத்திரப்படுத்தி, கதையே முடிந்துபோகும். இப்போது கதைக்குள் ஓர் ஐப்பசி அடைமழை கடந்தால் பையிலுள்ள ஒவ்வோர் ஏட்டுக்கும் பகடை. ஒன்று விழுந்தால் செல்லரித்துவிட்டது. எலுமிச்சம்புல் எண்ணெய் தடவியிருந்தால் தப்பிக்கும், சுவடி காப்பவர்கள் தடவுகிற அதே எண்ணெய்தான். இந்த விதிக்கு முதலில் ஏகப்பட்ட முணுமுணுப்பு. அப்புறம் ஏடுகள் வெளியே வர ஆரம்பித்தன.

போன மாதம் அக்கா மகளின் மந்திரவாதி ஒரு கோட்டை முற்றத்தில் மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் இரும்புக் கவசம் போட்ட வீரர்கள். எரி மந்திரத்தை எடுத்து வாசித்தாள். பகடையில் நாலு. அவள் யோசிக்கவே இல்லை, "ஏரி மாமா!" என்றாள். முற்றம் கழுத்தளவுக்கு நிரம்பி, கவசக்காரர்கள் கல் மாதிரி உள்ளே போனார்கள். திண்ணையில் ஒரே கூச்சல்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "மாமா, என் ஆளுக்கு நீச்சல் தெரியும்தானே?"

உருட்டு என்றேன்.