பென்னாகரமா, பாலக்கோடா? போன வீடியோவில் நான் உளறியது

வணக்கம். பென்னாகரம் பஸ் நிலையத்துக்கு வெளியே, ஒரு புளியமரத்தடியில் நின்று பேசுகிறேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஹாரனைக் கண்டாலே ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

போன வீடியோவில், பாட்டாளி மக்கள் கட்சியின் (பா.ம.க.) ஜி.கே.மணி பென்னாகரம் சட்டமன்றத் தொகுதியில் தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தவர் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். எத்தனை பேர் திருத்தியிருக்கிறீர்கள்! "தர்மபுரிக்காரன் என்று இனிமேல் வெளியே சொல்லாதே தம்பி" என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கென்று தைத்தது. தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தவர் பக்கத்துப் பாலக்கோட்டின் கே.பி.அன்பழகன். 2001-இல் தொடங்கி 2021 வரை ஐந்து தேர்தல், ஒரே தொகுதி, ஒரே அ.தி.மு.க. நடுவில் உயர்கல்வித் துறை அமைச்சராகவும் இருந்தார். இரண்டு பேரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிட்டேன். அதற்குப் பரிகாரமாகத்தான் இன்று காலையில் பஸ் பிடித்து வந்தேன்.

வந்து இறங்கியதும் கேமரா முக்காலியின் கால் பூட்டு உடைந்துவிட்டது. போன மாதம்தான் வாங்கினேன். விற்ற கடைக்குப் போன் செய்தால், அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்கு மட்டும் 180 ரூபாயாம்! ஒரு விரல் நகம் அளவுகூட இல்லாத சாமான். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பழைய டியூபைக் கீறி, இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். பத்து ரூபாய். இதோ ஆட்டிக் காட்டுகிறேன், பாருங்கள். அசைகிறதா? அசையவில்லை. 170 ரூபாய் மிச்சம்.

சரி, ஜி.கே.மணியின் கதைக்கு வருகிறேன். 1996-இல் பா.ம.க. மாநிலம் முழுக்க நான்கே இடங்களில் ஜெயித்தது, அதில் ஒன்று பென்னாகரம், ஜெயித்தவர் இவர். 2001-இலும் இங்கேதான். 2006-இல் தொகுதி மாறி மேட்டூரில் நின்று ஜெயித்தார். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி போகிற திசையிலேயே அவரும் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் அதே மேட்டூர் கைவிட்டது. மறுபடி சட்டமன்றத்துக்குள் போனது 2021-இல், அதுவும் பென்னாகரத்திலிருந்து. நடுவில் பத்து வருடம் அவருக்குச் சபையில் நாற்காலி கிடையாது.

ஒன்றை விட்டுவிட்டேனே. 1998 முதல் 2022 வரை கட்சித் தலைவர் அவர்தான். சபையில் இடம் இல்லாத அந்தப் பத்து வருடமும் தலைவர் பதவியில்தான் இருந்தார். கூட்டணியோ 2001-இல் அ.தி.மு.க., 2006-இலும் 2011-இலும் தி.மு.க., 2016-இல் தனியாக, 2021-இல் மீண்டும் அ.தி.மு.க. நேற்று வரை திட்டிய கட்சியின் மேடையில் இன்று ஏறி நின்று ஓட்டுக் கேட்க எவ்வளவு பொறுமை வேண்டும்! எனக்கு அந்தத் தாவல்கள் சுத்தமாகப் பிடிக்காது. பொறுமையை மட்டும் மெச்சுகிறேன்.

எனக்கு உண்மையிலேயே சுவாரசியமான கதை 2010-இல் இருக்கிறது. 2006-இல் இங்கே ஜெயித்த தி.மு.க.வின் பெரியண்ணன் இறந்துபோனதால் மார்ச் மாதம் இடைத்தேர்தல் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ஊர் கொள்ளாத கார்கள், டீக்கடையில் பாலே தீர்ந்துபோன நாட்கள். பெரியண்ணனின் மகன் இன்பசேகரனை எதிர்த்து, பா.ம.க. சார்பில் மணியின் மகன் தமிழ்க்குமரன் நின்றார். இன்பசேகரன் ஜெயித்தார். தமிழ்க்குமரன் இரண்டாவது. அ.தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போனது!

அடுத்த வருடமே தொகுதி இந்திய கம்யூனிஸ்டின் நஞ்சப்பனிடம் போனது. 2016-இல் இன்பசேகரன் மறுபடி நின்றார். எதிரே பா.ம.க.வின் முதலமைச்சர் வேட்பாளர் அன்புமணியே. அவரையும் தோற்கடித்தார். கடைசியில் 2021-இல் அதே இன்பசேகரனை எதிர்த்து மணியே இறங்கி, ஜெயித்தார். மகனையும், கட்சியின் பெரிய முகத்தையும் வீழ்த்தியவரைத் தானே வந்து வீழ்த்தியிருக்கிறார், பதினோரு வருடம் கழித்து. பாலக்கோட்டின் நேர்கோட்டில் இந்த ருசி கிடையாது. அன்பழகன் ஆதரவாளர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். அசையாமல் ஐந்து முறை நிற்பது பெரிய வேலைதான், ஆனால் கதை சொல்கிறவனுக்கு அதில் என்ன கிடைக்கும்?

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "யார் ஜெயித்தால் என்ன தம்பி, குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா என்று பார்" என்றார். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013-இல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். பல்லில் கறை படியவைக்கும் புளோரைடு தண்ணீரைக் குடித்து வளர்ந்த மாவட்டங்கள் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். அக்கா சிரித்தபோது பல்லைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் மணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த வீடியோ பாலக்கோடு தக்காளி மண்டியிலிருந்து. பேட்டரி சிவப்புக் காட்டுகிறது. ஐயோ, அம்மா புளி வாங்கி வரச் சொன்னார்களே! புளியமரத்தடியிலேயே இவ்வளவு நேரம் நின்றும் நினைவு வரவில்லை பாருங்கள். கடைக்கு ஓடுகிறேன்.