சோபாவுக்கு மேலே ஒரு பழைய உலகம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் சோபாவுக்கு மேலே பழைய உலக வரைபடத்தின் நகல் ஒன்றை மாட்டும் பழக்கம் பரவி வருகிறது. தேநீரில் நனைத்தெடுத்தது போன்ற தாள், மூலையில் ஒரு திசைகாட்டி, கடலில் இரண்டு கப்பல்கள். யார் வரைந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "திரைச்சீலை நிறத்துக்குப் பொருந்தியது" என்பார். எனக்கு இதில்தான் மனத்தாங்கல். வரைபடம் படிப்பதற்காகச் செய்யப்பட்டது. மாட்டுவதென்றால் படிக்கும்படி மாட்டுவோமே.

படிக்க அதில் என்ன இருக்கிறது? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் பிளாவ் வெளியிட்ட உலக வரைபடத்தைப் பாருங்கள். மேல் விளிம்பில் சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள். இடப்பக்கம் நெருப்பு, காற்று, நீர், நிலம். கீழே பிரமிடுகள் உள்ளிட்ட ஏழு அதிசயங்கள். வலப்பக்கம் பருவங்கள் நான்கே நான்கு. நம்முடைய கார்காலத்துக்கு அங்கே இடமில்லை!

ஆண்ட்வெர்ப் நகரின் ஆபிரகாம் ஆர்ட்டீலியஸ் 1570இல் வெளியிட்ட உலகப் படம் இன்னும் சுவையானது. சுற்றிலும் மேகங்கள். தெற்கே, யாரும் கண்டிராத ஒரு மாபெரும் கண்டம். தென் அமெரிக்காவின் தென்மேற்கில் இல்லாத ஒரு புடைப்பு. 1587ஆம் ஆண்டு அச்சுத் தகட்டில் அந்தப் புடைப்பை நீக்கிவிட்டார். ஆகவே, '1570' என்று சொல்லி விற்கும் நகலில் புடைப்பு இல்லையென்றால், கடைக்காரர் சொல்லும் ஆண்டு தவறு.

இவற்றில் சென்னையைத் தேட வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே இடம் கிடைத்ததே 1639இல்தான். மயிலாப்பூரின் கதை வேறு. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கப் புவியியலறிஞர் தாலமி குறிப்பிடும் 'மலியார்பா' மயிலாப்பூர்தான் என்று கருதுவோர் பலர். அவரைப் பின்பற்றி 15ஆம் நூற்றாண்டில் அச்சான படங்களில் இந்தியத் தீபகற்பம் தட்டையாகிவிட, இலங்கையோ அளவுக்கு மீறிப் பெருத்துக் கிடக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இன்றைய படத்தை அருகில் வைத்தால் ஒரு மழைநாள் விடுமுறை போவதே தெரியாது.

நகலைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பழைய வரைபடங்களின் துல்லியமான படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'அமெரிக்கா' என்ற பெயர் முதன்முதலில் இடம்பெற்ற 1507ஆம் ஆண்டு வால்ட்சீமுல்லர் வரைபடமும் அங்கே உண்டு. 12 தாள்களைச் சேர்த்தால் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் வரும் என்பதால் அது எல்லா வீட்டுச் சுவருக்கும் ஆகாது. பிளாவின் படம் சுமார் 54 சென்டிமீட்டர் அகலம். அதே அளவில் அச்சிட, கோப்பில் அகலவாக்கில் 6,400 புள்ளிகளாவது (பிக்சல்) இருக்கட்டும். படத்தை அந்த அளவைவிடச் சிறிதாக்கினால் ஊர்ப்பெயர்கள் எறும்பளவாகிவிடும். செயற்கைப் பழுப்பு நிறமும் வேண்டாம். அந்தக் காலத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் அச்சிட்டு, பல பிரதிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். பழுப்பு, வயதால் வந்தது.

சட்டம் போடும்போது நம் ஊர்க் காற்றை நினைவில் வையுங்கள். தாள் கண்ணாடியில் நேராகப் படிந்தால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கும்போது பெயர்களும் உரிந்து வரும். நடுவே அமிலமற்ற அட்டையில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் விளிம்பட்டை, வைக்கச் சொல்லுங்கள். மலிவான பின்னட்டையின் அமிலம் நாளடைவில் தாளைக் கறையாக்கும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ்கள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போய்வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரையும், மாலை வெயில் நேராக விழும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் முதலில் வெளுப்பது வண்ணம்தான்.

சோபாவுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து யார் படிப்பார்கள்? சாப்பாட்டு மேசைக்கு அருகிலோ, அறைகளுக்கு நடுவே உள்ள நடைவழியிலோ, நிற்பவரின் கண்மட்டத்தில் படத்தின் நடுப்பகுதி வரும்படி மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு சிறு ஆணியில் பூதக்கண்ணாடி தொங்கட்டும். வணக்கம்.